பழைய புல் என்றால் சர்க்கரை குறைவா? குதிரை வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டிய இருப்புக் கணக்கு

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில், மாடுகளோடு குதிரைகளும் விற்பனைக்கு வருவது வழக்கம். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளை ஆசையோடு பிடித்துச் செல்பவர்களில் ஏற்கெனவே மாடு வளர்க்கும் விவசாயிகளும் உண்டு. குதிரை வீட்டுக்கு வந்த மறுநாளே தீவனக் கேள்வி எழுகிறது. மாட்டுக்கு அடுக்கி வைத்திருக்கும் சோளத்தட்டையும் காய்ந்த புல்லையும் அப்படியே குதிரைக்கும் போடலாமா என்பதுதான் அது.

போடலாம். ஆனால் மாட்டுக்குப் பொருட்டாகாத இரண்டு விஷயங்கள் குதிரைக்கு உயிர்ப் பிரச்சினை. ஒன்று, புல்லில் உள்ள சர்க்கரை. மற்றொன்று, பூஞ்சணம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பும் ஒரு நம்பிக்கை ஊர்ப்பக்கம் இருக்கிறது. "ஒரு வருஷம் கிடந்த புல்லில் சர்க்கரையெல்லாம் போயிருக்கும், அதைப் போட்டால் குளம்புக்குக் கெடுதல் இல்லை" என்பார்கள். குளம்பு அழற்சி வந்த குதிரைக்கு இனிப்புச்சத்து குறைந்த புல் போடச் சொல்லி மருத்துவர் சொன்னதும், பழைய போரைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இது தவறான கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

சர்க்கரை ஏன் கவனிக்கப்பட வேண்டும்?

பச்சைப் புல் வெயிலில் தயாரிக்கும் உணவுதான் சர்க்கரை. புல்லை அறுத்துக் காயவைத்த பின்பும் அதில் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் இந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து விடுவதால், மாட்டுக்கு இது நல்ல எரிபொருள். குதிரைக்கு ஒரே வயிறு. சர்க்கரை சிறுகுடலிலேயே செரித்து நேராக ரத்தத்தில் சேருகிறது. உடல் பருத்த, பிடரிக் கழுத்தில் கொழுப்பு தடித்த, அதிக வேலையில்லாமல் கட்டிக் கிடக்கும் குதிரைகளுக்கு ரத்தத்தில் இன்சுலின் எகிறும். அதன் விளைவுகளில் ஒன்றுதான் லேமினைடிஸ் எனப்படும் குளம்பு அழற்சி. மட்டக் குதிரைகளுக்கும், ஏற்கெனவே ஒருமுறை இந்த நோய் வந்த குதிரைகளுக்கும் ஆபத்து அதிகம்.

அளவு புரிய ஒரு கணக்குப் போடுவோம். 350 கிலோ எடையுள்ள குதிரை, உடல் எடையில் 2 சதவீதம் என்று நாளைக்கு 7 கிலோ உலர் தீவனம் தின்கிறது. அந்தப் புல்லில் சர்க்கரை 8 சதவீதம் இருந்தால் 560 கிராம் உள்ளே போகிறது. 16 சதவீதம் இருந்தால் 1,120 கிராம். கண்ணுக்கு இரண்டு புல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும். இன்சுலின் கோளாறு உள்ள குதிரைகளுக்குச் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும் புல்லைத்தான் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். நல்ல வேலை செய்யும், மெலிந்த, ஆரோக்கியமான குதிரைக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

சர்க்கரை எங்கே தீர்மானமாகிறது?

பெரும்பகுதி வயலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. காலையில் குறைவாக இருக்கும் சர்க்கரை, வெயில் ஏற ஏறக் கூடி, மாலையில் உச்சத்துக்குப் போகிறது. இரவில் செடி அதைச் செலவழித்து வளர்கிறது. அதனால் மாலையில் அறுத்த புல்லில் சர்க்கரை அதிகம், விடியலில் அறுத்ததில் குறைவு. மாலையில் அறுத்துக் காயவைத்த புல்லை மாடுகள் விரும்பித் தின்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. பால் மாட்டுக்கு அது லாபம். குளம்பு நோய் உள்ள குதிரைக்கு அது நட்டம்.

வறட்சியில் வாடி நின்ற புல்லில் வளர்ச்சி நின்றுபோவதால் சர்க்கரை தேங்கும். ஊட்டி போன்ற மலைப்பகுதியில் வெயிலான பகலும் உறைபனி இரவும் சேர்ந்து வரும் மாதங்களிலும் இதே நிலைதான். புல்லின் வகையும் முக்கியம். கொழுக்கட்டைப் புல், அருகு போன்ற வெப்பமண்டலப் புற்களில், குளிர்நாட்டு ரை புல்லைவிடப் பொதுவாகச் சர்க்கரை குறைவு. அந்த வகையில் சமவெளி விவசாயிக்கு இயற்கையே கொஞ்சம் துணை செய்கிறது. தண்டு இனிக்கும் சோளத்தட்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

அடுத்தது காயவைக்கும் நேரம். அறுத்த உடனே புல் செத்துவிடுவதில்லை. ஈரப்பதம் ஏறக்குறைய 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை அதன் செல்கள் சுவாசித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சுவாசத்துக்கு எரிபொருள் சர்க்கரைதான். வேகமாகக் காய்ந்தால் சர்க்கரை தங்கும், மெதுவாகக் காய்ந்தால் கரையும். அறுத்துப் போட்ட புல்லின் மேல் மழை பெய்தால் சர்க்கரை நீரில் கரைந்து வடிந்துவிடும்.

இருப்பில் என்ன நடக்கிறது?

நன்றாகக் காய்ந்து, ஈரப்பதம் 15 சதவீதத்துக்குள் வந்து, மழை படாத கொட்டகையில் அடுக்கிய புல்லில், முதல் சில வாரங்களில் சர்க்கரை சற்றுக் குறையலாம். அதற்குப் பிறகு பெரிய மாற்றம் இருக்காது. ஆறு மாதம் ஆனாலும், ஒரு வருடம் ஆனாலும், உள்ளே போன சர்க்கரை ஏறத்தாழ அப்படியே வெளியே வரும். இனிப்பான புல் பழசானாலும் இனிப்பான புல்தான்.

அப்படியானால் பழைய புல்லில் குறைவது எது? வைட்டமின் ஏ உருவாக உதவும் கரோட்டினும், வைட்டமின் ஈ-யும்தான். இவை மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். பச்சை நிறம் வெளுத்து மஞ்சளாவது அதன் அடையாளம். ஆகவே குளம்பு நோய்க்கென்று பழைய புல்லைத் தேடிப் போடுகிறவர், வைட்டமினை இழந்து சர்க்கரையை அப்படியே ஊட்டுகிறார்.

ஈரத்தோடு அடுக்கிய புல்லில் கதை வேறு. ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணமும் பாக்டீரியாவும் பெருகும். அவை முதலில் தின்பது எளிதில் கரையும் சர்க்கரையைத்தான். இந்தப் புல்லைப் பரிசோதித்தால் சர்க்கரை குறைந்திருக்கும். "பழைய புல்லில் சர்க்கரை குறைவு" என்ற நம்பிக்கை இங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் சர்க்கரையைத் தின்றது பூஞ்சணம் என்றால், அந்தப் பூஞ்சணமும் அதன் வித்துகளும் நஞ்சும் புல்லிலேயே இருக்கின்றன. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பூசணம் பிடித்த புல் கடுமையான வயிற்றுவலியைக் கொண்டுவரலாம். அதன் தூசு நுரையீரலுக்குள் போய், தீராத இருமலையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். மாடு தாங்கிக்கொள்ளும் புல்லைக் குதிரை தாங்காது.

கட்டு சூடாவது ஏன்?

நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பமும் தண்ணீரும் உண்டாகின்றன. கட்டின் நடுவே அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சர்க்கரை புரதத்தோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். புல் பழுப்பாகி, வெல்லப்பாகு காய்ச்சிய வாசனை வரும். அந்த வாசனைக்கு மாடுகள் ஓடிவரும். அதைப் பார்த்து நல்ல புல் என்று நினைக்க வேண்டாம். ஒட்டிப்போன புரதம் செரிக்காமல் சாணத்தோடு போய்விடும்.

சுமார் 50 டிகிரி வரை பொதுவாகப் பயமில்லை. 65 டிகிரி ஆபத்தின் தொடக்கம். 70 டிகிரியில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 80 டிகிரியை எட்டினால் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது போரைத் தானாகப் பிரிக்கக் கூடாது, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும். தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லிவிட்டு, அவர்கள் வந்த பிறகே பிரிக்க வேண்டும். இத்தகைய தீ விபத்துகள் பெரும்பாலும் அடுக்கிய இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் நடக்கின்றன. அந்த நாட்களில் நீளமான இரும்புக் கம்பியைப் போருக்குள் நடுப்பகுதி வரை செருகி, கால்மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். கையால் பிடித்துக்கொண்டே இருக்க முடியாத சூடு இருந்தால் கவனம் தேவை.

பேலர் வந்த பிறகு மாறியது என்ன?

அந்தக் காலத்துப் போரை நினைத்துப் பாருங்கள். கீழே கல்லோ கட்டையோ போட்டு உயர்த்தி, தட்டைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, உச்சியைக் கூம்பாக்கி முடிப்பார்கள். மழைநீர் சரிந்து ஓடிவிடும். இடைவெளிகள் வழியே மிச்ச ஈரமும் மெல்ல வெளியேறிவிடும். கொஞ்சம் ஈரத்தோடு அடுக்கினாலும் போர் அதைச் சமாளித்தது.

இன்று வைக்கோலையும் புல்லையும் கட்டுவது பேலர் இயந்திரம். ஆள் பற்றாக்குறைக்கு இது பெரிய உதவி, லாரியில் ஏற்றி மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் அனுப்பவும் வசதி. ஆனால் இறுக்கமாகச் சுருட்டிய உருளைக் கட்டுக்குள் போன ஈரம் எளிதில் வெளியே வராது. இயந்திரம் வந்த நாளில் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. வயல் காயும்வரை வாடகை இயந்திரம் காத்திருக்காது. நாளை மழை வரும் என்று பயந்து, அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டிவிடுகிறோம். முன்பு போர் மன்னித்த தவறை இப்போது உருளைக் கட்டு மன்னிப்பதில்லை.

வெளியே மூடாமல் போட்ட உருளைக் கட்டின் இழப்பையும் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 2 அடி விட்டமுள்ள ஒரு கட்டில் சுற்றிலும் 3 அங்குலம் மட்டும் நனைந்து கெட்டால், "ஓரம்தானே" என்று தோன்றும். கணக்குப் போட்டால் அந்த ஓரத்தில் இருப்பது கட்டில் கிட்டத்தட்ட 44 சதவீதம். உருண்டையான பொருளில் சரக்கு பெரும்பாலும் வெளிச்சுற்றில்தான் இருக்கும்.

குதிரைகளின் எண்ணிக்கை குறைந்ததும் இதில் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும், 2019-இல் 3.4 லட்சமாகக் குறைந்தன. வண்டிக் குதிரை வைத்திருந்த பெரியவர்கள், புல்லைக் கையில் எடுத்து உதறி, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறவில்லை. இப்போது ரேக்ளாவுக்கும் ஆசைக்கும் குதிரை வளர்ப்பவர்கள், கட்டுக்கு என்ன விலை என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

விற்பவரும் வாங்குபவரும் பார்க்க வேண்டியது

ஈரப்பதத்தை வீட்டிலேயே அளக்கலாம். கட்டின் நடுவிலிருந்து உருவிய புல்லைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சமையலறைத் தராசில் 100 கிராம் எடையிடுங்கள். இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் கருகாமல் புரட்டி, மறுபடி எடை போடுங்கள். இனி எடை குறையவில்லை என்னும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் 87 கிராம் நின்றால் ஈரப்பதம் 13 சதவீதம். அது பாதுகாப்பான புல். 80 கிராம் நின்றால் ஈரம் 20 சதவீதம், குதிரைக்கு வாங்காதீர்கள்.

இது காசுக் கணக்கும்கூட. 12 சதவீத ஈரமுள்ள ஒரு டன் புல்லில் 880 கிலோ உலர்பொருள் உண்டு. 20 சதவீத ஈரமுள்ள டன்னில் 800 கிலோதான். வாங்குபவர் 80 கிலோ தண்ணீருக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார். விற்பவருக்கும் இதில் பாடம் உண்டு. இன்னொரு நாள் காயவைத்துக் கட்டினால் எடை குறையும். ஆனால் "குதிரைக்குப் போடலாம்" என்று உறுதியாகச் சொல்லி விற்கக்கூடிய சரக்கு கிடைக்கும். குதிரைக்காரர் நல்ல புல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்குவதில்லை.

சர்க்கரை அளவு கண்ணாலும் மூக்காலும் தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இயங்குகிறது. ஈரப்பதம், புரதம், பூஞ்சை நஞ்சு ஆகியவற்றைப் பரிசோதிக்க மாதிரி அனுப்பலாம். கரையும் சர்க்கரையும் மாவுச்சத்தும் பார்க்க முடியுமா, கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கட்டிலிருந்து எடுக்காமல், பத்துப் பன்னிரண்டு கட்டுகளின் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து அனுப்பினால்தான் முடிவு நம்பகமானதாக இருக்கும்.

இருப்பு வைக்கும்போது

1. புல்லை முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மொடமொடவென்று முறிந்தால் கட்டலாம்.

2. தரையில் நேராக அடுக்காதீர்கள். சிமென்ட் தரையும் ஈரத்தை மேலே இழுக்கும். மரப்பலகையோ பனைமட்டையோ பரப்பி, அரை அடியாவது உயர்த்துங்கள்.

3. கூரை ஒழுகாமல் இருக்கட்டும், பக்கவாட்டில் காற்று ஓடட்டும். தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்க மூடினால் உள்ளே வியர்த்து, மேலடுக்கு பூசணம் பிடிக்கும். மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

4. நன்றாகக் காய்ந்த புல்லும் ஈரக்காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாகக் கடலோர, டெல்டா மாவட்டங்களில், மாதம் ஒருமுறையாவது நடுக்கட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

5. புதுக் கட்டுகளை முதல் ஆறு வாரம் தனியாக வையுங்கள். குதிரை லாயத்தையும் மாட்டுக் கொட்டகையையும் ஒட்டி வைக்க வேண்டாம்.

6. எந்த வயல், எந்தத் தேதி, காலையா மாலையா, மழை பட்டதா என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் செருகி வையுங்கள். அடுத்த வருடம் எந்தப் புல் குதிரைக்கு ஒத்துக்கொண்டது என்பதை அந்த அட்டை சொல்லும்.

சர்க்கரையைக் குறைக்க வேண்டுமானால்

கையில் இருக்கும் நல்ல புல்லைத் தண்ணீரில் ஊறவைப்பதே நடைமுறை வழி. புல் முழுவதும் மூழ்கும்படி அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுப் போட வேண்டும். வடித்த நீரில் சர்க்கரை இருப்பதால் அதைக் குதிரைக்குக் காட்டக் கூடாது. நம் வெயிலில் ஊறிய புல் சீக்கிரம் புளித்துவிடும். ஒவ்வொரு வேளைக்கும் தனியாக ஊறவைத்து உடனே போடுங்கள், மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். சர்க்கரையோடு தாதுக்களும் கரைந்துபோவதால், மருத்துவரைக் கேட்டுத் தாது உப்புக் கலவை சேர்க்க வேண்டும். ஒரே நேரம் ஊறவைத்தாலும் புல்லுக்குப் புல் பலன் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூசணம் பிடித்த புல்லை ஊறவைத்தால் தூசுதான் அடங்கும், நஞ்சு போகாது.

புல்லில் இவ்வளவு பார்த்துவிட்டு, மாலையில் பாசத்தோடு வெல்லக்கட்டியும் கையளவுக்கு மேல் கம்பும் கொடுத்தால் எல்லா உழைப்பும் வீண். குளம்பு நோய் உள்ள குதிரைக்கு வெல்லம் அறவே வேண்டாம். தானியத்தை மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருப்பு வைப்பதால் தீராத இன்னொரு குறையும் உண்டு. கொழுக்கட்டைப் புல்லிலும் நேப்பியர் புல்லிலும் உள்ள ஆக்சலேட், குதிரையின் உடலில் சுண்ணாம்புச்சத்து சேரவிடாமல் தடுக்கும். காயவைத்தாலும் பழசானாலும் அது போகாது. அந்தப் புல்லையே நம்பியிருந்தால், தீவனத்தில் ஒரு பங்காகக் குதிரை மசால் சேர்ப்பது நல்லது. அதில் சுண்ணாம்புச்சத்து தாராளமாக உண்டு. அரிசித் தவிட்டை நிறையப் போட்டால் இந்தக் குறை இன்னும் மோசமாகும்.

குதிரை நடக்கத் தயங்கினாலும், முன்கால்களை முன்னால் நீட்டிப் பின்கால்களில் பாரம் போட்டு நின்றாலும், குளம்பு தொட்டால் சூடாக இருந்தாலும், அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தானியத்தையும் வெல்லத்தையும் உடனே நிறுத்துங்கள். மெதுமெதுப்பான மண் அல்லது மணல் தரையில் நிறுத்தி வையுங்கள், நடக்க வைக்காதீர்கள். முற்றிலும் பட்டினி போடவும் கூடாது. மருத்துவர் வரும்போது, இப்போது போடும் புல்லில் ஒரு கைப்பிடியையும் அந்தக் கட்டின் அட்டையையும் எடுத்து வைத்திருங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.